ஜாமீன் கையெழுத்தும் கல்லறைச் சுவரும்

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. பீடி, சிகரெட், லைட்டர் எதுவானாலும் கேட்டோடு சரி. கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைச் செய்வதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு கட்டிய ஆலை அது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. வெடிமருந்து புழங்கும் இடத்தில் ஒருவருடைய அசட்டைக்குப் பக்கத்தில் நிற்பவரும் விலை கொடுக்க நேரிடும். அதனால் செக்‌ஷனுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால், இவரை நம்பிப் பக்கத்தில் நிற்கலாமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பது மெல்லத்தான் தெரியவரும்.

ஆலை இருக்கும் நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பதினொன்றரைப் பேர் கிறிஸ்தவர்கள். தமிழ்நாடு முழுவதற்கும் எடுத்தால் ஆறு பேருக்குச் சற்று அதிகம். ஆலை வேலைக்கும், வெலிங்டன் ராணுவ முகாமுக்கும், தேயிலைத் தோட்டங்களுக்கும் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மலையேறி வந்த குடும்பங்கள் இவர்களில் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. இந்த மலையில் வாழும் படகர் சமூகத்துக் கிறிஸ்தவர்களும் உண்டு. ஆலைக் குவார்ட்டர்ஸில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் படகர் வீடு, இந்தப்பக்கம் முஸ்லிம் வீடு. இத்தனை நெருக்கத்தில் ஒருவருடைய சமயம் ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்துவிடாது. தண்ணீர்க் குழாய், சீட்டுப் பணம், சம்பந்தம், சாவு என்று எல்லாவற்றிலும் அது வெளியே தெரிந்துவிடும்.

கிறிஸ்தவர்களின் அன்றாட நடத்தை அவர்களுடைய விசுவாசத்தைப் பிறருக்கு எங்கே காட்டியது, எங்கே மறைத்தது என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒரு கிறிஸ்தவர் செய்த காரியத்தைப் பிறர் நம்பியிருக்கிறார்கள். சாதி என்ற ஒன்றில் மட்டும் அந்த நஷ்டத்துக்குக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் உடன்படவில்லை. அதனால் எங்களுடைய மற்ற நற்செயல்களும் பாதி மதிப்பை இழந்து நிற்கின்றன.

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது அதிகம் உதவாது. வெளியார் சொன்னதைத்தான் தேட வேண்டும். அந்தச் சாட்சிகளில் மிகப் பழையது, கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம். பிளினி கிறிஸ்தவர்களுக்கு நண்பர் இல்லை. விசாரித்து, மறுதலிக்காதவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தவர். அவர் விசாரணையில் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: இவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் துதிக்கிறார்கள்; திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, தங்களிடம் நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்பதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். கி.பி. 362-ல் பேரரசர் ஜூலியன் இன்னும் கசப்பாக எழுதினார். பழைய ரோம வழிபாட்டை மீட்க முயன்றவர் அவர். இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே, நம் ஆட்கள் ஏன் செய்வதில்லை என்று தம் பூசாரி ஒருவரைக் கடிந்துகொண்டார். எதிரியே எரிச்சலோடு ஒப்புக்கொண்ட நற்பெயருக்கு மேல் வேறு சான்று வேண்டியதில்லை.

பிளினி பட்டியலில் கடைசியாக வரும் ஒப்படைத்த பொருள், அருவங்காட்டில் இன்று ஜாமீன் கையெழுத்தாக வந்து நிற்கிறது. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்க உடன் வேலை பார்ப்பவர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். கடன் எடுத்தவர் தவணை தவறினால் ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடித்தம். மகள் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒருவர் படிவத்தைக் கையில் பிடித்தபடி சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகப் பார்த்து வருவார். டிபன் பாக்ஸைத் திறக்குமுன் கண்ணை மூடி ஜெபிக்கிறவரிடமும் வருவார். அவர் போடுகிறாரா, "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்று நழுவுகிறாரா என்பதைச் சுற்றியிருக்கும் நாலு பேர் கவனிப்பார்கள். போட முடியாத நிலைமை யாருக்கும் வரலாம். அதை முகத்துக்கு நேரே சொல்வதும் நேர்மைதான். பொறுக்க முடியாதது இன்னொன்று. தான் எடுத்த கடனுக்கு அடுத்தவர் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டிருக்க, ஆலயக் கட்டட நிதிக்குப் பெயர் பொறித்த கல் கொடுக்கிறவர் எங்களில் உண்டு. அந்தக் கல்லை அவருடைய ஜாமீன்தாரர் பார்க்கும்போது என்ன நினைப்பார்?

தேயிலைக்காட்டிலும் இதே கணக்குதான். மழை நாளில் பறித்த இலையில் தண்ணீர் நிற்கும். எடைபோடும்போது ஈரத்துக்கென்று சில கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது பெரும்பாலும் எடை போடுகிறவர் மனசு. முதுகில் இலைச் சுமையோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு எந்தக் கணக்கப்பிள்ளை நியாயமாகக் கழிக்கிறார், எவர் கூட்டிக் கழிக்கிறார் என்பது அத்துப்படி. தராசு முள்ளைப் பார்க்காமல் ஆள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கப்பிள்ளை கிறிஸ்தவராக இருந்தால், அவர் சட்டைப் பையில் இருக்கும் வேதாகமத்தின் எடையும் அந்தத் தராசிலேயே தெரிந்துவிடும்.

பிறர் நம்பும் நேர்மைக்குத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய முன்மாதிரி தஞ்சாவூர், திருச்சியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ். 1779-ல் சென்னை ஆங்கிலேய அரசு மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியோடு பேச ஒரு தூதரை அனுப்ப நினைத்தது. ஆங்கிலேய அதிகாரிகளின் பேச்சில் ஹைதருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். திரும்பும்போது ஹைதர் தந்த பண முடிப்பைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்தார். தூதுப் பேச்சு பலிக்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. ஆனாலும் சுவார்ட்ஸ் தம் எல்லைக்குள் எங்கும் தடையின்றிப் போகலாம் என்று ஹைதர் தம் படையினருக்குச் சொல்லிவைத்தார். தஞ்சையில் பஞ்சம் வந்தபோது, அரண்மனை ஆட்கள் கேட்டும் நெல் தராத குடியானவர்கள், விலை கட்டாயம் வந்துசேரும் என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் கோட்டைக்கு நெல் ஓட்டிவந்தார்கள். அவர் வளர்த்த இளவரசர் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். 1798-ல் சுவார்ட்ஸ் இறந்தபோது அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் வைத்தவரும் அந்தச் சரபோஜிதான். மதம் மாறாத ஒருவர், மதம் மாற்ற வந்தவருக்கு வைத்த கல் அது. தஞ்சைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொருவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கத்தோலிக்கர். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். ஞானஸ்நானம் கேட்டுக்கொண்டு ஊற்றிய கஞ்சி அல்ல அது. நந்தனார் சரித்திரம் பாடிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதி இதைப் பார்த்துவிட்டு அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். கடவுளைப் பாடிய வாய் ஒரு முன்சீப்பைப் பாடியது என்றால் அந்தக் கஞ்சி எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

ஞானஸ்நானம் கேட்கும் கஞ்சி என்று ஒன்று இருந்ததையும் மறைக்க வேண்டாம். பள்ளி, மருத்துவமனை, பஞ்ச நிவாரணம் எல்லாம் ஆள் பிடிக்கும் தூண்டில் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. காந்தியடிகளுக்கும் அந்த வருத்தம் இருந்தது. இந்தியாவில் கிறிஸ்தவம் அந்நியமாக நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் அவரிடம் கேட்டார். காந்தி நாலு யோசனை சொன்னதாக ஜோன்ஸ் 1925-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். முதலாவது: கிறிஸ்தவர்கள் எல்லாரும், மிஷனரிகள் உட்பட, இயேசுவைப் போல வாழத் தொடங்க வேண்டும். அதே காந்தி 1934 தொடக்கத்தில் ஹரிஜன யாத்திரையின் நடுவே, அருவங்காட்டுக்குப் பக்கத்து ஊரான குன்னூரில் சில நாள் தங்கினார். அந்த யாத்திரையில் அவர் கையில் எடுத்திருந்த தீண்டாமைக் கேள்வி கோயில் வாசலோடு நிற்பதில்லை. மாதா கோயில் வாசலுக்கும் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இந்த மலையின் கதை. அருவங்காட்டிலிருந்து மலை ரயிலில் ஊட்டிப் பக்கம் போனால் அடுத்த நிலையம் கேத்தி. ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி காசமேஜர் அங்கே குடியிருந்தார். படகர்களுக்காக உழைக்க விரும்பித் தம் வீட்டையும் செல்வத்தையும் பாசல் மிஷன் என்ற மிஷனரி அமைப்புக்குக் கொடுத்தார். 1846-ல் மிஷன் வேலை தொடங்கியது. அங்கே வந்த மிஷனரிகளில் மெட்ஸ் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் படகர் ஊர்களான ஹட்டிகள்தோறும் நடந்தார். அவர்கள் பேச்சைக் கற்றார், பழமொழிகளைத் தொகுத்தார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு ஒருவர்! இன்றைக்கும் படகர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைதான். கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிஷன் தொடங்கிய பள்ளிக்கூடங்களில் படித்து, ஞானஸ்நானம் பெறாமல், ஹெத்தையம்மனை வணங்கிக்கொண்டே முன்னேறிய படகர்கள் ஏராளம். மாறாதவனுக்கும் பள்ளிக் கதவு திறந்தே இருந்தது. சேவைக்குத் தூண்டில் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எது?

தமிழ் மாணவன் என்று பேர்பெற்ற ஜி. யு. போப்பும் இந்த மலையில் இருந்தவர். 1859-லிருந்து ஊட்டியில் பள்ளி நடத்தினார். குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் அதற்கு முன் சாயர்புரத்தில் அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். அவருடைய கண்டிப்பு அளவு மீறியது, சிறுசிறு கலகங்கள் எழுந்தன, அதனாலேயே அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது என்று சக மிஷனரி கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். ஒழுக்கத்தை இவ்வளவு உயர்த்திப் பேசும் குறளை நேசித்தவரின் கைப் பிரம்பு இது. புத்தகத்தில் சாந்தமும் வகுப்பில் சினமும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும். மாணவனுக்குத் தெரிவது பிரம்புதான். கிறிஸ்தவப் பள்ளிகளில் இன்று ஆசிரியராக இருக்கிறவர்கள் போப்பின் தமிழோடு இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அன்றாடத்தில் பிறரை அதிகம் உறுத்துவது பெரிய பாவங்களைக் காட்டிலும் சின்ன அராஜகங்கள். ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். மலையில் சத்தம் பள்ளத்தாக்கு கடந்து போகும். கன்வென்ஷன் கூட்டத்துக் குழாய் ஸ்பீக்கர் இரவு பத்து மணிக்கு எதிர்ச் சரிவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் காதில் விழும். கோயில்காரர்கள் போடுகிறார்களே, பள்ளிவாசலில் ஓதுகிறார்களே என்பது எங்கள் வழக்கமான பதில். இது பதிலே இல்லை. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு சபையின் ஜெப ஒலியைப் பொறுக்காமல் குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்து, அது உச்ச நீதிமன்றம்வரை போனது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30-ல் தீர்ப்பு வந்தது. அன்பைப் போதிக்கும் சபைக்கு அக்கம்பக்கத்தார் தூக்கத்தைப் பற்றி நீதிபதிகள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்.

சாவு வீட்டில் பேசும் பேச்சு இன்னொன்று. புருஷனை இழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "ஆண்டவர்கிட்ட வந்திருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சுவிசேஷம் இல்லை, கொடுமை. அதே வீட்டுக்குச் சத்தமில்லாமல் ஒரு பாத்திரம் காபி கொண்டுபோய்க் கொடுத்து, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, மூன்றாம் நாள் வரை பிள்ளைகளுக்குச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பெண்களும் இதே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். யாரைப் பற்றி அந்த வீடு பத்து வருஷம் கழித்தும் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரசாதம் வாங்கலாமா என்ற கேள்வியும் இந்த மலையில் அடிக்கடி வரும். ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா சமயத்தில் வெள்ளை உடுத்திய படகர் குடும்பங்கள் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடுவார்கள். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியபோதே இந்தச் சிக்கல் இருந்தது. அவர் உணவைவிட அடுத்தவர் மனசாட்சியைப் பெரிதாக வைத்தார். வாங்குகிறவர் வாங்கட்டும், மனம் ஒப்பாதவர் மறுக்கட்டும். ஆனால் மறுக்கும்போது முகம் சுளித்தால், கொடுக்கிற கை கிறிஸ்மஸ் கேக்கையும் பலகாரத்தையும் எத்தனை வருஷமாகச் சந்தோஷமாக வாங்கியிருக்கிறது என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அருவங்காட்டுக்கென்று ஒரு தனிக் கேள்வியும் உண்டு. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று படிக்கிறவர், திங்கட்கிழமை காலை குண்டுக்கு மருந்து செய்யப் போகலாமா? வேற்று மதத்து நண்பர்கள் இதைக் கிண்டலாகவும் கேட்பார்கள், உண்மையாகவும் கேட்பார்கள். ஆதித் திருச்சபையில் படைத் தொழிலையே மறுத்தவர்கள் இருந்தார்கள். குவேக்கர்கள் இன்றும் மறுக்கிறார்கள். மற்றத் திருச்சபைகளில் பெரும்பாலானவை நாட்டைக் காக்கும் வேலை பாவமில்லை என்று கொண்டன. நான் அவர்கள் பக்கம். ஆனால் அப்படிக் கொள்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. போர்ச் செய்தி வரும்போது கைதட்டிக் குதிப்பவர்களின் நடுவில், அந்தப் பக்கமும் சாகிறது மனுஷன்தான் என்று சொல்கிற ஒரு குரலாவது செக்‌ஷனில் எழ வேண்டும். அது கிறிஸ்தவரின் குரலாக இல்லாவிட்டால் நண்பரின் கேள்வி சரியான கேள்விதான்.

இனி சாதி. மேலே சொன்ன சுவார்ட்ஸ், ஹைதரிடம் அத்தனை நேர்மையாக நின்றவர், தம் சபைக்குள் சாதிவாரியாக உட்காருவதைப் பொறுத்துக்கொண்டார். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை அடியோடு விட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. நெல்லை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் ஒரே பலிபீடத்துக்கு முன் இரண்டு பிரிவாக, நடுவில் சுவரோடு கட்டப்பட்டது. சுவர் 1910-ல்தான் இடிந்தது. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. எல்லாம் ஒரே அப்பத்தைப் பகிரும் கூட்டத்துக்குள் நடந்தவை. 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

மலைக்கு ஏறி வந்தவர்கள் இதைக் கீழேயே விட்டுவிட்டு வரவில்லை. ஆலையில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். ஒரே பாடகர் குழுவில் பாடுவோம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது "விசுவாசக் குடும்பம், ஆர்.சி." என்று தொடங்கும் விளம்பரம் இரண்டாவது வரியில் சாதிப் பெயரில் வந்து நிற்கும். இந்து நண்பர் அந்த விளம்பரத்தைப் படிக்கிறார். தலித் நண்பர் அதைக் கூர்ந்து படிக்கிறார், ஏனென்றால் அவர் முன்னோர் இந்த வேதத்துக்கு வந்ததே அந்த இரண்டாவது வரியிலிருந்து தப்பிக்கத்தான். மதம் மாறியதால் பட்டியல் சாதிச் சலுகையை 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவருக்கு மறுத்துவிட்டது. கோயிலுக்குள் வந்தால் சாதி போய்விடும் என்பதற்காக அரசாங்கத்திடம் அவர் கொடுத்த விலை அது. நாங்கள் பதிலுக்கு என்ன கொடுத்தோம்? பல ஊர்களில் தனிக் கல்லறை கொடுத்தோம்.

நல்ல அண்டைவீட்டாராக இருப்பது கஷ்டமில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போவது சில ஆயிரம் ரூபாய். சாவு வீட்டில் உழைத்தால் போவது மூன்று நாள் தூக்கம். சாதியை விட்டால் போவது சொந்தபந்தத்தின் மரியாதை, மாமன் மச்சான் உறவு, ஊரில் உள்ள இடம். விலை அதிகம் என்பதால்தான் அங்கே சாட்சி தடுமாறுகிறது. எங்களைக் கவனிக்கிறவர்கள் எடைபோடுவதும் அங்கேதான். பிளினியின் காலத்துக் கிறிஸ்தவர்கள் உயிரையே கொடுத்த இடத்தில் நாங்கள் ஒரு சம்பந்தத்தைக் கொடுக்கத் தயங்குகிறோம்.

சேகரக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையிலானாலும் சமவெளியிலானாலும், உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென்று ஒரு சுவரோ, வேலியோ, தனி வாசலோ இருந்தால் அதை அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன், நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன், இடித்துவிடுங்கள். அதற்கு ஆயர் கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடிக்கிற அன்று பக்கத்துத் தெரு இந்து, முஸ்லிம் நண்பர்களையும் கூப்பிடுங்கள். அந்தச் சுவரை இத்தனை வருஷமாக அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.